உடனடிக் கவனிப்பு தேவைப்படும் வெள்ளை யானை

தென்புறநகர் வெள்ளநீர் வடிகால் ஒருங்கிணைப்பு அலுவலகத்தின் உதவி இயக்குநர் திரு. ஸ்ரீநிவாசராகவன், ஒரு திங்கட்கிழமை காலை, தம் அலுவலகத்தில் பேசப்படும் ஆங்கிலத்தில் நிறம் போதவில்லை என்பதைக் கண்டுபிடித்தார்.

அதுவரை தாம்பரத்தில் யாருக்கும் அந்தக் குறை தெரிந்திருக்கவில்லை. மழை பெய்தால் தண்ணீர் வீட்டுக்குள் வருகிறது, வந்தால் போவதில்லை என்பது போன்ற சில்லறைக் குறைகளையே மக்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். உதவி இயக்குநரோ அண்மையில் ஒரு நட்சத்திர ஹோட்டலில் நடந்த நிர்வாகத்திறன் மேம்பாட்டு முகாமுக்குப் போய் வந்திருந்தார். அங்கே மற்ற மாநில அதிகாரிகள் எல்லாம் 'ரெட் கார்பெட்', 'கிரீன் லைட்', 'சில்வர் லைனிங்' என்று வண்ண வண்ணமாகப் பேச, இவர் மட்டும் 'எஸ் சார்', 'நோ சார்' என்று நிறமில்லாமல் பேசிவிட்டுப் பஃபேயில் தனியாக நின்று சாப்பிட்டார். அந்த அவமானம் இனி தம் ஊழியர்கள் எவருக்கும் நேரக்கூடாது என்று முடிவு செய்தார்.

கிழக்குத் தாம்பரத்தில் ஒரு மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்திக்கொண்டிருந்த ஜெஃப்ரி வரவழைக்கப்பட்டார். வாரம் ஒரு நிறம் என்று பாடத்திட்டம். சிவப்பு வாரத்தில் அலுவலகம் முழுவதும் யாரையாவது ரெட் ஹேண்டடாகப் பிடித்துக்கொண்டே இருந்தது. நீல வாரத்தில் தபால்கள் எல்லாம் திடுதிப்பென்று, அவுட் ஆஃப் த ப்ளூ வந்தன. ஜெஃப்ரி நல்ல மனிதர். "ஒவ்வொரு இடியமுக்கும் பின்னாடி ஒரு மீனிங் இருக்கு, அதைப் புரிஞ்சு யூஸ் பண்ணுங்க" என்று ஒவ்வொரு வகுப்பிலும் சொன்னார். அதற்குள் மணி ஒன்றாகி எல்லோரும் சாப்பிடப் போய்விடுவார்கள்.

இதில் ஒரே ஒரு நடைமுறைச் சிக்கல். கோப்புகள் தமிழில் இருக்கவேண்டும் என்பது அரசாணை. ஆங்கிலத்தில் நிறம் இருக்கவேண்டும் என்பது உதவி இயக்குநர் ஆணை. இரண்டுக்கும் நடுவே மொழிபெயர்ப்புப் பிரிவு உட்கார்ந்திருந்தது. மொழிபெயர்ப்புப் பிரிவு என்றால் குமரேசன்.

குமரேசனுக்கு மூலத்தின்மேல் அளவற்ற விசுவாசம். மூலத்தில் இருப்பதைச் சொல்வதுதான் தன் வேலை, மூலத்தில் அர்த்தம் இருக்கிறதா என்று பார்ப்பது வேறு பிரிவின் வேலை என்று நம்பினார். 'நம் அலுவலகத்தில் ஒரு பிளாக் ஷீப் இருக்கிறது' என்று உதவி இயக்குநர் கோபமாக ஒரு குறிப்பு எழுதினார். அலுவலகத்தின் பெயரைக் கெடுக்கும் ஆள் ஒருவர் இருக்கிறார் என்பது அவர் சொல்ல வந்தது. குமரேசன் அதை 'அலுவலகத்தினுள் கறுப்பு ஆடு ஒன்று உள்ளது' என்று மொழிபெயர்த்து அனுப்பினார். துப்புரவுப் பிரிவினர் மாடிப்படிக்கு அடியில் வரை தேடினார்கள். புழுக்கை மட்டும் கிடைத்தது. அதுவும் எலியினுடையது என்று தெளிவானதும் கோப்பு முடிக்கப்பட்டது.

இப்படி நிர்வாகம் மெருகேறிக்கொண்டிருந்த சமயத்தில்தான் பீர்க்கன்கரணையிலிருந்து லோகநாயகி வந்து சேர்ந்தாள்.

லோகநாயகி ஏரிக்கரையை ஒட்டிய தாழ்வான தெருவில் மாவு மிஷின் வைத்திருப்பவள். சென்ற மழையில் மோட்டார் முழுகியது. அதற்கு முந்தைய மழையிலும் முழுகியது. இன்னொரு முறை முழுகினால் மிஷினை மூடிவிட்டு வேறு வேலை தேடுவதைத் தவிர வழியில்லை. இத்தனைக்கும் அந்தத் தெருவின் கோடியில் மழைநீரை இறைக்க ஒரு பம்ப் ஹவுஸ் கட்டியாகிவிட்டது. திறப்பு விழாகூட நடந்தது. பெரிய மனிதர்கள் வந்தார்கள், வடை கொடுத்தார்கள், பூட்டிக்கொண்டு போனார்கள்.

"சார், பம்ப் கீது, பைப் கீது, பூட்டு கூட கீது. கரண்ட் மட்டும் இல்ல. ஐப்பசி வந்துகினே கீது சார்" என்றாள் லோகநாயகி.

உதவி இயக்குநர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "அம்மா, உங்க விஷயம் கொஞ்சம் கிரே ஏரியா."

"இல்ல சார், பீர்க்கன்கரணை ஏரியா."

"அதில்லைம்மா. இதுல நிறைய ரெட் டேப் இருக்கு."

"பிரிச்சிடலாமே சார். கத்திரிக்கோல் வோணும்னா வூட்லேர்ந்து எடுத்தாரேன்."

"கிரீன் சிக்னல் வந்தாத்தான் எதுவுமே மூவ் ஆகும்."

"எந்த சிக்னல் சார்? இரும்புலியூர்லயா? அங்க பச்ச வுழுந்துகினேதான் கீது, வண்டிதான் நவுர மாட்டேன்து."

உதவி இயக்குநர் பொறுமையை வரவழைத்துக்கொண்டார். "உங்க தெருவுல தண்ணி வர்றதெல்லாம் ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன். அதாவது, எப்பவாவது ஒரு தடவை."

"எப்பவாவதா? வருசா வருசம் தீபாவளி கணக்கா கரீட்டா வருது சார். பட்டாசு நனையாத வருசம் எதுன்னு சொல்லுங்க பாப்போம்."

அவள் போனபிறகு உதவி இயக்குநருக்கு மனசு கேட்கவில்லை. அவரும் நல்லவர்தான். கோப்பை எடுத்து, அந்த வாரத்து நிறமான வெள்ளையில் ஒரு குறிப்பு எழுதினார்: 'திஸ் பம்ப் ஹவுஸ் இஸ் எ வைட் எலிஃபண்ட். நீட்ஸ் அர்ஜென்ட் அட்டென்ஷன்.' செலவு செய்து கட்டியும் யாருக்கும் பிரயோஜனமில்லாமல் கிடக்கிறது, உடனே கவனிக்கவேண்டும் என்பதை இதைவிடச் சுருக்கமாகவும் நிறமாகவும் சொல்ல முடியாது. எழுதிவிட்டு அவரே ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்தார்.

குறிப்பு குமரேசனிடம் வந்தது. ஒரு கட்டடம் யானையாக இருக்க முடியாது என்கிற பொது அறிவு குமரேசனுக்கு இருந்தது. அதிகாரியின் ஆங்கிலத்தில் நேர்ந்த சிறு பிழை என்று பெருந்தன்மையோடு எடுத்துக்கொண்டு, அதைத் திருத்தி எழுதினார்: 'பீர்க்கன்கரணை ஏரிக்கரை பம்ப் ஹவுஸில் வெள்ளை யானை ஒன்று உள்ளது. உடனடிக் கவனிப்பு தேவை.'

உதவி இயக்குநர் தமிழ்க் கோப்புகளைப் படிக்கும் பழக்கமில்லாதவர். கையெழுத்துப் போட்டார்.

கையெழுத்து விழுந்த பிறகு நிர்வாகம் காட்டிய வேகத்தைக் குறை சொல்ல முடியாது. பம்ப் என்று எழுதினால் இரண்டு ஆண்டுகள் தூங்கும் கோப்பு, யானை என்றதும் எழுந்து ஓடியது. அடுத்த வாரமே பீர்க்கன்கரணைக்குத் தீவனம் வந்துவிட்டது. ஒரு குட்டி யானையில் வந்தது. சின்ன சரக்கு வண்டிக்கு நம் ஊரில் அப்படித்தான் பெயர். அந்தப் பெயருக்குக் குமரேசன் பொறுப்பல்ல.

"அக்கா, யானை எங்க?" என்று கேட்டார் டிரைவர், மாவு மிஷின் வாசலில் வண்டியை நிறுத்தி.

"இன்னா யானை?"

"வெள்ளை யானை. பம்ப் ரூம் யானை. பத்துக் கட்டு கரும்பு, தென்னை ஓலை, எல்லாம் கீது. எறக்கிக்கினு கையெழுத்துப் போடு."

லோகநாயகி குடியிருப்போர் சங்கச் செயலாளர் சாம்பசிவனை அழைத்துவந்தாள். இன்சூரன்ஸ் கம்பெனியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், காலை ஆங்கிலப் பேப்பரில் குறுக்கெழுத்துப் போடாமல் காபி குடிக்காதவர். வண்டியோடு வந்த உத்தரவைப் படித்துவிட்டு, கண்ணாடி கழன்று விழும்வரை சிரித்தார்.

"வைட் எலிஃபண்ட்னா நிஜ யானை இல்லைம்மா. பராமரிக்க ஏகப்பட்ட செலவு, உபயோகம் ஒண்ணும் கிடையாது, அப்படின்னு அர்த்தம். இது தெரியாம ஒரு ஆபீஸ்! ஷேம்! உடனே ஒரு ஆட்சேபக் கடிதம் அனுப்பறேன்."

"அதுல கரண்டும் வோணும்னு எழுதுங்க சார்" என்றாள் லோகநாயகி.

ஆட்சேபக் கடிதம் எழுதப்படுவதற்குள் கரும்பு காய்ந்துவிடும் என்று சங்கத்தில் ஒரு கருத்து எழுந்தது. பொதுமக்களின் வரிப்பணம் வீணாகக்கூடாது என்பதற்காக அது மக்களுக்கே வினியோகிக்கப்பட்டது. இரண்டாவது லோடு வந்தபோது, வீட்டுக்கு எத்தனை கழி என்பதில் எந்தச் சச்சரவும் வராமல் சாம்பசிவன் ஓர் அருமையான பங்கீட்டு முறையை வகுத்திருந்தார். மூன்றாவது லோடில் கரும்பு மெலிவாக இருந்ததால் அலுவலகத்தைக் கண்டித்துத் தீர்மானம் போட்டார்கள். தீர்மானம், 'எங்கள் யானைக்கு' என்று தொடங்கியது.

"கரும்பு துன்றதுக்கா சார் நான் மனு குடுத்தேன்?" என்று லோகநாயகி கூட்டத்தில் எழுந்து கேட்டாள். எல்லோர் வாயிலும் சாறு இருந்தது.

பிறகு கால்நடை மருத்துவர் தேவதர்ஷினி வந்தார். இளம் டாக்டர். பம்ப் ஹவுஸைச் சுற்றி ஒரு நடை நடந்தார். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். திரும்பி வந்து லோகநாயகி கொடுத்த தண்ணீரைக் குடித்தார். "யானை இல்லை, இல்லையா?"

"இல்ல டாக்டர். நீயாவது அதை எழுதிட்டுப் போம்மா."

"அதான் கஷ்டம். எனக்குக் குடுத்த படிவத்துல எடை, பல், நகம், மதம்னு நாலு இடம்தான் இருக்கு. யானையே இல்லைன்னு எழுத இடமில்லை. கீழே மார்ஜின்ல எழுதறேன்."

மார்ஜினில் அவர் 'யானை காணப்படவில்லை' என்று எழுதினார். குமரேசனிடம் அது வந்தது. அவர் அப்போது தூய தமிழ் நடை பற்றிய ஒரு பயிலரங்குக்குப் போய்வந்திருந்தார். செயப்பாட்டு வினை தமிழுக்கு அழகல்ல என்று அங்கே சொல்லியிருந்தார்கள். எனவே தேவையற்ற 'படு'வை எடுத்துவிட்டு, 'யானை காணவில்லை' என்று செம்மைப்படுத்தி மேலே அனுப்பினார்.

இந்த முறை உதவி இயக்குநர் படித்துவிட்டார். கோப்பை முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். தம் வெள்ளைக் குறிப்பைக் கண்டார், அதன் தமிழைக் கண்டார், அதன்கீழ் தம் கையெழுத்தைக் கண்டார். விசிறி ஓடியும் அவருக்கு வியர்த்தது. யானை இல்லவே இல்லை என்றால், படிக்காமல் கையெழுத்துப் போட்டதாக ஆகும். யானை இருந்து தொலைந்துவிட்டது என்றால், அரசு யானையைத் தொலைத்ததாக ஆகும். பென்ஷன் வரைக்கும் யோசித்துப் பார்த்தார். பிறகு லோகநாயகியைக் கூப்பிட்டனுப்பினார்.

வானம் மூடிக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில் அவள் வந்தாள். வழியெல்லாம், கரண்டுக்கு உத்தரவாகிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே வந்திருந்தாள்.

"யானை எங்கம்மா?" என்றார் உதவி இயக்குநர்.

அவளுக்கு முதலில் அழுகை வந்தது. பிறகு கோபம் வந்தது. "கரண்ட் இல்லாத எடத்துல மனுசனே இருக்க மாட்டேன்றான். யானை எப்டி சார் இருக்கும்? இருட்டு, கொசு, பாம்பு. எந்த யானையா இருந்தாலும் எங்கனா ஓடிப்போய்த்தான் இருக்கும்!"

உதவி இயக்குநர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கரண்ட் குடுத்தா வந்துடுமா?" என்றார், மெல்லிய குரலில்.

லோகநாயகி அவரைப் பார்த்தாள். கேலியில்லை, மனுஷன் நிஜமாகவே கேட்கிறார் என்று புரிந்தது. ஜன்னலுக்கு வெளியே முதல் தூறல் விழுந்துகொண்டிருந்தது. பொய் சொன்னால் அவளுக்குக் காது சிவக்கும். சிறுவயதிலிருந்தே அப்படி.

"வந்துடும் சார்" என்றாள், காது சிவக்க.

வனவிலங்கு நலன் கருதி மிக அவசரம் என்ற குறிப்புடன், பம்ப் ஹவுஸுக்கு மின் இணைப்பு இரண்டே நாளில் கிடைத்தது. ஒரு குழல்விளக்கும் கூடவே போட்டுத் தந்தார்கள். யானைக்கு இருட்டு பயம் என்று கோப்பில் இருந்ததாம்.

அந்த வாரம் பெய்த மழையை எங்கள் பக்கத்து ஆட்கள் இன்னும் பேசுகிறார்கள். ஏரி நிரம்பி, தெருவில் முழங்காலளவு வந்தது. லோகநாயகியின் கணவர் துரையும் இன்னும் இரண்டு பேரும் நனைந்துகொண்டே போய்ப் பம்பைப் போட்டார்கள். அது இருமியது, நின்றது, மறுபடி இருமியது. பிறகு ஓட ஆரம்பித்தது. லோகநாயகி மிஷின் வாசலில் உட்கார்ந்து கடைசிப் படியையே பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் படியைத் தொட்டது. அங்கேயே நின்றது. பிறகு யாரோ பிடித்து இழுப்பதுபோல் மெதுவாக இறங்கிப் போனது. மழை விட்டதும் அவள் உள்ளே போய் மிஷினை ஆன் பண்ணினாள். அரைக்க ஒன்றும் போடாமல், சும்மா ஓடவிட்டு, அந்தச் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றாள்.

இத்தோடு கதை சுபமாக முடிந்திருக்கும். ஆனால் தலைமை அலுவலகத்திலிருந்து, 'யானை நலமா? நேரில் காண விரும்புகிறோம்' என்று ஒரு தகவல் வந்தது.

உதவி இயக்குநர் ஜெஃப்ரியின் காலில் விழாத குறையாக, வெள்ளை யானைக்கு எழுத்தில் விளக்கம் கேட்டார். ஜெஃப்ரி மகிழ்ச்சியோடு விளக்கம் எழுதிக் கொடுத்தார். முதன்முறையாக ஒருவர் அர்த்தம் கேட்டிருக்கிறார் அல்லவா? அதன் பேரில் குமரேசன் ஒரு பிழைதிருத்தம் வெளியிட்டார்: 'மேற்படி கோப்பில் வெள்ளை யானை என்று வருமிடமெல்லாம் அதிகச் செலவு வைக்கும் பயனற்ற பொருள் எனத் திருத்தி வாசிக்கவும்.'

பிழை நீங்கியது. ஆனால் பயனற்ற பொருளாகப் பதிவானவற்றைக் கழற்றி அகற்றவேண்டும் என்று ஒரு விதி இருந்தது. மறுநாள் ஸ்பேனரும் கையுமாக இரண்டு பேர் பம்ப் ஹவுஸுக்கு வந்துவிட்டார்கள். அவர்களை டீ வாங்கிக் கொடுத்து உட்காரவைத்துவிட்டு லோகநாயகி ஓடினாள்.

"சார், பம்ப் ஓடுது சார்! தெரு மொத்தமும் தண்ணிய இழுத்துச்சி. வந்து பாருங்க சார்!"

"இழுக்கட்டும்மா. ஆனா பயனற்றதுன்னு ரெக்கார்டாயிடுச்சு. பயனற்றதுன்னு பதிவானது வேலை செஞ்சா அது விதிமீறல்."

"அப்ப பயனுள்ளதுன்னு மாத்துங்க."

"அதெப்படிம்மா? ஒரு பிழைக்கு ஒரு திருத்தம்தான். திருத்தத்தைத் திருத்த எனக்கு அதிகாரம் கிடையாது. ரத்து வேணா பண்ணலாம்."

"ரத்து பண்ணா இன்னா ஆவும்?"

உதவி இயக்குநர் கூரையைப் பார்த்தார். "மறுபடியும் யானைதான்."

லோகநாயகி யோசிக்கவேயில்லை. இந்த முறை அவளுக்குக் காதும் சிவக்கவில்லை. "யானையே இருக்கட்டும் சார்."

ஒரே நிபந்தனை. தலைமை அலுவலகம் வரும்போது, குடியிருப்போர் யானையை நேரில் கண்டதாக உறுதி சொல்லவேண்டும். அன்று மாலை சங்கம் கூடியது. எல்லோரும் சாம்பசிவனைப் பார்த்தார்கள்.

"நான் எப்படிம்மா சொல்வேன்? அர்த்தத்தை முதல்ல சொன்னதே நான்தானே. மனசாட்சின்னு ஒண்ணு இருக்கே" என்றார் அவர்.

"பம்ப் போயிட்டா உங்க கார் ஷெட்டும் முங்கும் சார்."

சாம்பசிவன் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "இப்படிப் பார்க்கலாம். இதை 'வைட் லை'ன்னு சொல்லலாம். யாருக்கும் கெடுதல் பண்ணாத பொய். இங்கிலீஷ்ல அதுக்குத் தாராளமா இடம் இருக்கு." முதல் கையெழுத்தை அவரே போட்டார். போட்டதோடு நிற்காமல், 'காதுகள் விசாலமானவை, குணம் சாது' என்று சொந்தக் கையால் சேர்த்தும் எழுதினார்.

தலைமை அலுவலகத்து உயரதிகாரி வந்தார். தெருவில் சேறு. காரிலிருந்து இறங்கவில்லை. கண்ணாடியைப் பாதி இறக்கி, தூரத்தில் புதிதாகச் சுண்ணாம்பு அடித்து வெள்ளையாய் நின்ற பம்ப் ஹவுஸைப் பார்த்தார். உள்ளே பம்ப் உறுமிக்கொண்டிருந்தது.

"நல்ல ஆகிருதி. என்ன, கொஞ்சம் பிளிறுது" என்றார்.

"டிக்கிள்டு பிங்க் சார்! சந்தோஷத்துல" என்றார் ஸ்ரீநிவாசராகவன்.

கார் கிளம்பியது. உதவி இயக்குநருக்கு அந்த மாதமே பதவி உயர்வு வந்தது.

செய்தி பரவ எவ்வளவு நேரம் ஆகும்? அடுத்த மழைக்கு முன்பே அலுவலக வாசலில் வரிசை நின்றது. அனகாபுத்தூரிலிருந்து வந்திருந்தார்கள், முடிச்சூரிலிருந்து வந்திருந்தார்கள், சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்துகூட ஒரு வேன் பிடித்து வந்திருந்தார்கள். படித்தவர்கள், படிக்காதவர்கள், வாடகைக்கு இருப்பவர்கள், சொந்த வீட்டுக்காரர்கள். அத்தனை பேர் கையிலும் மனு. அத்தனை மனுவிலும் யானை. கால்வாய் என்றோ பம்ப் என்றோ ஒருவர்கூட எழுதவில்லை. அனுபவப்பட்ட ஜனங்கள்.

வரிசையின் நடுவில் லோகநாயகியும் நின்றுகொண்டிருந்தாள். அவர்கள் தெருவுக்கு இன்னும் தார் ரோடு வரவில்லை. சாம்பசிவன் நல்ல ஆங்கிலத்தில் அடித்துக் கொடுத்த மனு ஒன்று அவள் கையில் இருந்தது.

முன்னால் நின்ற அனகாபுத்தூர்ப் பெண்மணி அவளை அடையாளம் கண்டுகொண்டு திரும்பினாள். "உங்களுக்குத்தான் ஏற்கெனவே யானை கொடுத்துட்டாங்களே, நீ எதுக்கும்மா வந்து நிக்கிற?"

"அதுக்கு ஒரு ஜோடி வாணாமாக்கா?" என்றாள் லோகநாயகி. "பாவம், ஒண்டியா கீது."